அயலூரில் குடித்தனம்



உத்தியோக நிமித்தமாகவோ தொழில் நிமித்தமாகவோ தமிழ்நாட்டை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர், இன்று இந்தியாவின் பெரிய நகரம் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். புதிய ஊரில் வந்து இறங்கிய முதல் வாரத்தில் அவர்கள் அனைவருக்கும் எழும் கேள்விகள் இரண்டே. எதன்மேல் படுப்பது? எதை உண்பது? மொழி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அண்டை அயல் ஆகிய மற்றவையெல்லாம் இவ்விரண்டுக்கும் பின்னரே வருகின்றன. ஆகவே தட்டுமுட்டுச் சாமான்கள் வாங்குவதைப் பற்றியும், பழகிய உணவுப் பண்டங்களைத் தேடிப் பிடிப்பதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். நமக்கு நன்கு தெரிந்த ஊர் தில்லியாதலால், உதாரணங்களைத் தில்லியிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். கொல்கத்தாவிலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் இருப்போர் கடைத்தெருவின் பெயரை மாற்றிக்கொண்டால் போதும். நிலைமை பெரும்பாலும் ஒன்றே.

தில்லியில் தமிழர் குடித்தனம் நேற்றுத் தொடங்கியதன்று. தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று 1911-இல் அறிவிப்பு வந்தபின், அரசாங்க அலுவலகங்களோடு நம்மவரும் வடக்கே வந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1923-இல் ஒரு கல்விக் கழகம் தோன்றியது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற பெயரில் அது இன்று 7 பள்ளிகளை நடத்துகிறது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் பிறந்தது. 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய பிறகு, ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரம் இரண்டு இரவுப் பயணமாகச் சுருங்கியது. இவ்வாறு நூறு ஆண்டுக்கு மேல் கடந்தும், புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பமும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. முன்னே வந்தவர்களின் அனுபவம் சமையலறைகளிலும் மாடிப்படிகளிலும் வாய்மொழியாகவே உலவுவதுதான் இதற்குக் காரணம்.

முதலில் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்வோம்.

அயலூரில் கட்டிலும் மேசையும் வாங்குவதில் நம்மவர் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. “அடுத்த வருஷம் மாற்றல் வந்துவிடும்; எதற்கு வீண் செலவு?” என்பது அந்தத் தயக்கத்தின் வாசகம். மத்திய அரசு ஊழியர்களாகிய நமக்கு இந்த எண்ணம் வலுப்பட மற்றொரு காரணமும் இருக்கிறது. விடுப்புப் பயணச் சலுகைக்காகச் சொந்த ஊர் இன்னதென்று எழுதிக் கொடுக்கிறோம். ஒருமுறை எழுதியதைப் பணிக்காலம் முழுவதிலும் ஒரே தடவைதான் மாற்றலாம். அதுவும் தக்க காரணம் இருந்தால்தான். குடியிருக்கும் ஊர் ஒன்று, ஏட்டில் எழுதிய ஊர் மற்றொன்று. ஏட்டில் உள்ள ஊரே வீடு, இருக்கும் ஊர் வெறும் சத்திரம் என்ற நினைவு மெல்ல மெல்ல மனத்தில் படிந்துவிடுகிறது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இரும்புப் பெட்டிகளே மேசையாகவும் ஆசனமாகவும் இருந்தன. பிள்ளைகள் பெட்டியின்மேல் புத்தகத்தை வைத்துக் குனிந்தே எழுதினார்கள். ஊரிலிருந்து வந்து தங்கிய முதிய தாயார், முழங்கால் வலியோடு, தை மாதக் குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். கட்டில் வாங்குவது பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம், “மாற்றல் வந்தால் யார் சுமப்பது?” என்ற மறுமொழியே வந்தது. அந்த அம்மையார் மூன்று குளிர்காலங்களைத் தரையிலேயே கழித்துவிட்டு ஊர் திரும்பினார். பிறகு தில்லிக்கு வரவேயில்லை. மாற்றல் உத்தரவு வந்தது, அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் கழித்து. அந்தக் குடும்பத்தில் பணத்துக்கும் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை. அந்த ஊரில் வாழ்வதாக அவர்கள் எண்ணவில்லை என்பது ஒன்றே குறை.

ஊரிலிருந்தே தேக்குக் கட்டிலைக் கொண்டு வந்துவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். இங்கே மரத்தின் குணத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். வெட்டி அறுத்து இழைத்த பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று வறண்டால் அந்த ஈரத்தை வெளிவிடும். உறிஞ்சும்போது பருக்கும், விடும்போது சுருங்கும். எந்தப் பிரதேசத்தில் மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்காக, இந்தியத் தர நிர்ணய விதி நாட்டைக் காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டு நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. கடற்கரையோரத்தில் பழகிய மேசை, தில்லியின் மே, ஜூன் மாத அனற்காற்றில் சுருங்கிப் பலகைக்குப் பலகை இடைவெளி விடும். ஆடி ஆவணி மழையில் பருத்து இழுப்பறை திறக்க மறுக்கும். குடியிருக்கும் ஊரின் காற்றுக்குப் பதப்பட்ட மரமே அந்த ஊரில் நிலைத்து நிற்கும். ஆகையால் கனமான மரச் சாமான்களை வாழும் ஊரிலேயே வாங்குவது நலம்.

வட இந்தியாவில் சாமான் செய்யப் பெரிதும் பயன்படுவது சீசம் மரம். நம் ஊர் ஈட்டி மரத்துக்கு அது நெருங்கிய உறவு. அதன் நடுவே உள்ள வைரம் பாய்ந்த பகுதி கரும்பழுப்பு நிறமுடையது. பல தலைமுறை உழைக்கும். புறத்தே உள்ள வெள்ளைப் பகுதியைப் பூச்சி எளிதில் துளைத்துவிடும். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே சாயம் பூசி மெருகேற்றி நிறுத்தியிருப்பார். எனவே மேற்புறத்தைப் பார்த்து மயங்காமல் கட்டிலைச் சாய்த்து அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும்; இழுப்பறையை முழுவதும் வெளியே உருவி அதன் பின்பலகையைப் பார்க்க வேண்டும். சாயம் படாத இடத்தில் மரத்தின் உண்மை நிறம் தெரியும். குண்டூசித் தலையளவு துளையும் அதனடியில் மாவு போன்ற தூளும் தென்பட்டால் விலையே பேச வேண்டாம். மூலைகளை வெறும் ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்களா, மரத்தில் மரம் கோத்து இறுக்கியிருக்கிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். கையில் அளவு நாடா இருத்தல் அவசியம். கடையில் சிறியதாகத் தோன்றும் அலமாரி, அரசாங்கக் குடியிருப்பின் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்ட காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

தில்லியில் புதிய சாமானுக்குக் கீர்த்தி நகரும், பழைய சாமானுக்கு லாஜ்பத் நகரை அடுத்த அமர் காலனியும் பெயர் பெற்றவை. இவற்றைவிடச் சிறந்த சந்தை ஒன்று உண்டு. மாற்றலாகிப் போகிறவர்களும் ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறவர்களும் விட்டுச் செல்லும் சாமான்களே அந்தச் சந்தை. பத்து ஆண்டுகள் தில்லியின் வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற கட்டில், இனி விரிசல் விடப் போவதில்லை. அதை வாங்கிப் பயன்படுத்தி, போகும்போது மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டால் சுமக்கும் கவலையும் இல்லை. வாங்கும் கட்டில் பெட்டிக் கட்டிலாக இருக்குமானால், குளிர்காலத்து ரஜாய்களைக் கோடையில் அதற்குள்ளேயே அடக்கி வைக்கலாம். வடக்கத்தியார் அவ்வகைக் கட்டிலை விரும்புவது காரணமில்லாமல் அன்று.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவர்களுக்குச் சாமான்களின் பெயர்களிலேயே ஒரு பாடம் கிடைக்கிறது. இந்த ஊர்க் கயிற்றுக் கட்டிலுக்குச் ‘சார்பாய்’ என்று பெயர். நான்கு கால் உடையது என்பது அதன் பொருள். நம்முடைய ‘நாற்காலி’க்கும் அதே பொருள்தான். அவர்கள் அதில் படுக்கிறார்கள். நாம் இதில் உட்காருகிறோம். பலகை இட்ட படுக்கையை இங்கே ‘தக்த்’ என்கிறார்கள். அது பாரசீகச் சொல். அரியணை என்றும் அதற்குப் பொருள் உண்டு. பழந்தமிழிலும் ‘கட்டில்’ என்ற சொல் படுக்கையையும் குறித்தது, ‘அரசு கட்டில்’ என்று அரியணையையும் குறித்தது. இனி, நாம் அன்றாடம் தமிழென்றே எண்ணிப் புழங்கும் மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியர் கொண்டு வந்த சொற்கள். வீட்டுச் சாமான்களில் எது சொந்தம், எது இரவல் என்று வரையறுக்கப் புகுந்தால் கணக்கு எளிதில் முடிவதில்லை.

கட்டிலைப் பற்றிப் பேசும்போது புறநானூற்றின் 50-ஆம் பாட்டு நினைவுக்கு வராமற் போகாது. வழிநடந்த களைப்பினால் மோசிகீரனார் என்னும் புலவர், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு வைக்கும் கட்டிலென்று அறியாமல் அதில் ஏறித் துயின்றுவிட்டார். அது கடுந்தண்டனைக்குரிய செயல். ஆனால் அரசனோ வாளை எடுக்கவில்லை. விசிறி எடுத்து வீசி நின்றான். அயலூரில் களைத்து வந்தவனுக்கு முதலில் வேண்டுவது படுக்க ஓர் இடம் என்பதை அந்த அரசன் அறிந்திருந்தான். நம் வீட்டுக்கு வரும் முதியோருக்கு நாம் அவ்வளவேனும் செய்ய வேண்டாமா?

இனி உணவுக்கு வருவோம்.

தில்லியில் நம் ஊர்க் காய்கறிக்கு ஐ.என்.ஏ. சந்தை நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. வாழைக்காய், வாழையிலை, முருங்கைக்காய், தேங்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் அங்கே கிடைக்கும். கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், மயூர் விகார் முதலிய பகுதிகளிலும் நம்மவர் நடத்தும் கடைகள் உண்டு. சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016-இல் அரசு முடிவு செய்த பிறகு, அங்கிருந்த பல குடும்பங்கள் நொய்டாவுக்கும் துவாரகைக்கும் பெயர்ந்தன. ஆள்கள் போன இடத்துக்கு அப்பளமும் வடகமும் பின்தொடர்ந்தன. இப்பொழுது கைப்பேசியில் கேட்டால் அரைத்த மாவே வாசலுக்கு வந்து சேருகிறது. ஆயினும் கடையில் நின்று, பெயர் சொல்லி, பார்த்து வாங்கத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு ஊரின் பாஷை நாவில் படிவது பெரும்பாலும் பலசரக்குக் கடையில்தான்.

கடையில் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்ப்பது பலன் தராது. ‘முழு உளுந்து’ வேண்டுமென்று ‘சாபுத் உரத்’ கேட்டால், தோலோடு கூடிய கறுப்பு உளுந்தை நிறுத்துக் கட்டிவிடுவார்கள். தோல் நீக்கிய முழு உளுந்துக்கு ‘உரத் கோட்டா’ என்று கேட்க வேண்டும். துவரம்பருப்பு இங்கே ‘அர்ஹர்’. ‘மூங்’ என்றால் பயறு; ‘மூங்ஃபலி’ என்றாலோ நிலக்கடலை. ‘சேலா’ என்று விற்பது புழுக்கிய அரிசிதான். ஆனால் அது நீண்ட மெல்லிய அரிசி. இட்லிக்கு வேண்டிய குட்டையான பருத்த அரிசி அதுவன்று. சேப்பங்கிழங்கு ‘அர்பி’ என்றும், சேனைக்கிழங்கு ‘ஜிமிகந்த்’ என்றும் வழங்கும். உத்தரப் பிரதேசத்தாரில் பலர் தீபாவளியன்று சேனையைத் தவறாமல் சமைப்பார்கள். ஆகையால் அந்த வாரத்தில் நல்ல சேனை நிறைய வந்து குவியும். சட் பூஜைக்காகப் பீகார் மக்கள் முழுக் கரும்பும், இலையோடு கூடிய பச்சை மஞ்சள் செடியும் வாங்குவார்கள். நாம் தைப் பொங்கலுக்குத் தேடுவன அவையே அல்லவா? மாதம் வேறு, பண்டம் ஒன்று.

நம் சமையலுக்கே உரியவை என்று நாம் கருதும் சில பண்டங்களின் பிறப்பிடத்தை ஆராய்ந்தால் வியப்பு ஏற்படும். பெருங்காயம் இல்லாமல் சாம்பார் இல்லை. அதன் பிசின் ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. அதை மாவோடு பிசைந்து கூட்டுப் பெருங்காயமாக்கும் தொழில் உத்தரப் பிரதேசத்தில் உள்ள ஹாத்ரஸ் நகரில் பரம்பரையாக நடக்கிறது. பழைய தில்லியில் பதேபுரி மசூதிக்கு அருகே உள்ள காரீ பாவ்லி என்னும் மசாலாச் சந்தைக்குள் நுழைந்தால் அந்த மணம் நம்மை எதிர்கொள்ளும். நம் நாட்டிலேயே பெருங்காயச் செடியைப் பயிரிடும் முயற்சி, 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. ஆகவே பெருங்காயத்துக்குத் தஞ்சாவூரைவிடத் தில்லியே கிட்டிய ஊர்! முருங்கை மரமோ வடமேற்கு இமயத்தின் அடிவாரத்தைத் தாயகமாகக் கொண்டது என்று தாவர நூலார் கூறுகின்றனர். காப்பியில் கலக்கும் சிக்கரி குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. நாம் மோர்க்குழம்பில் இடும் வெள்ளைப் பூசணி, ஆக்ராவில் ‘பேட்டா’ என்னும் மிட்டாயாக மாறுகிறது. நாம் இப்பொழுதுதான் வடக்கே வந்திருக்கிறோம். நம் சாம்பாரில் ஒரு பகுதி வெகு காலத்துக்கு முன்பே வடக்கிலிருந்து தெற்கே வந்து குடியேறிவிட்டது.

எல்லாம் வாங்கி அரைத்து வைத்தாலும், தில்லியின் குளிரில் மாவு பொங்குவதில்லை என்ற முறையீடு ஒவ்வொரு மார்கழியிலும் எழும். மாவைப் பொங்கச் செய்யும் நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலுமே உள்ளவை. அவற்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 30 டிகிரி வெப்பம். ஜனவரியில் தில்லியின் இரவு சில நாட்களில் 5 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. அப்பொழுது வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைப் பழைய ரஜாயில் சுற்றி, காற்றுப் புகாத அலமாரியில் வைக்கலாம். வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி வைத்தாலும் பலன் உண்டு. இரவு வைத்தது மறுநாள் காலையில் பொங்காவிட்டால் மாலை வரை பொறுத்திருக்க வேண்டும். வைகாசியிலோ நேர்மாறு. ஐந்தாறு மணி நேரத்தில் புளித்துவிடும். பொங்கியவுடனே குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடியும் இப்படித்தான். குளிரில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. வெயில் விழும் பக்கம் வைத்து, நீரைக் குறைத்து, காத்திருந்தால் பங்குனியில் மறுபடி துளிர்க்கும்.

ஊரிலிருந்து எவற்றைக் கொண்டு வருவது? இரயிலில் சயன வகுப்புப் பயணிக்குக் கட்டணமின்றி அனுமதிக்கும் சுமை 40 கிலோ. அதில் பாதியை அரிசி மூட்டைக்குக் கொடுப்பது வீண். மணத்தக்காளி வற்றல், சுண்டைக்காய் வற்றல், கருப்பட்டி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஆகியவற்றின் ருசி இங்கே எளிதில் கிடைப்பதன்று. அவற்றைக் கொண்டு வரலாம். இட்லித் தட்டு, காப்பி வடிகட்டி, கோயம்புத்தூர் மாவரைக்கும் இயந்திரம் ஆகியவை ஒருமுறை சுமந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். பத்தமடைப் பாய் ஒன்றும் இருக்கட்டும். கோடை இரவுகளில் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ அதற்கு நிகரில்லை. பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம் ஆகியவற்றைச் சுமக்கவே வேண்டாம். அவை எந்தத் தெருமுனைக் கடையிலும் நல்லனவாகவே கிடைக்கும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வளரும் குழந்தை ஞாயிற்றுக்கிழமை ராஜ்மாவும் சோறும் கேட்கும். அடுத்த நாள் தோசை கேட்கும். முதலாவதைக் கேட்டதும் நம் மரபே மறைந்துவிட்டதென்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் தேவையில்லை. லோஹ்ரியன்று அடுத்த வீட்டார் கொடுத்த எள்ளுருண்டையையும் நிலக்கடலையையும் தின்ற குழந்தை, அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு அதே வீட்டுக்குச் செல்கிறது. கொடுப்பதற்குத் தன் வீட்டில் ஒன்று இருக்கிறது என்ற பெருமிதமே குழந்தையின் மனத்தில் மரபை நிலைநிறுத்துவது. நண்பர்களை அழைத்து வந்து உட்கார வைக்க நாலு நாற்காலி உள்ள வீட்டில்தான் அந்தப் பெருமிதம் வளரும்.

ஆகையால் நேயர்களே, புதிய ஊருக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மூன்று சாமான்களை வாங்கிவிடுங்கள் என்பது நம் விண்ணப்பம்: முதியோர் வந்தால் படுக்க ஒரு கட்டில், பிள்ளைகள் எழுத ஒரு மேசை, அடுத்த வீட்டார் வந்தால் அமர ஓர் ஆசனம். விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பிறர் பயன்படுத்திய சாமானாயினும் பழுதில்லை. மாற்றல் உத்தரவு நாளை வரலாம். பத்து ஆண்டுகள் கழித்தும் வரலாம். அது வரும் நாள் நம் கையில் இல்லை. அதுவரையில் நாம் வசிப்பது வீடாக இருப்பதோ, சத்திரமாக இருப்பதோ நம் கையில்தான் இருக்கிறது.